உத்தமபாளையத்தில் ஒரு வாய் தண்ணீர்

மதுரையில் அவசரப் பிரிவு செவிலியாக இருக்கிறேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்களுக்கு விபத்து முதலுதவி சொல்லித்தர வேண்டும் என்று அவர்கள் சங்கத்தார் அழைத்ததால், போன மாதம் ஒரு சனிக்கிழமை உத்தமபாளையம் போனேன்.

காலை ஐந்தரைக்கு ஆரப்பாளையத்தில் பேருந்து. தேனிக்கு இரண்டு மணி நேரம். அங்கே இட்லியை முடித்துக்கொண்டு குமுளிப் பேருந்தில் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் வாட்டி எடுத்துவிடும்.

பத்து மணிக்கு வகுப்பு. இருபது பேர். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து இரு கைகளாலும் அமுக்குங்கள், கழுத்தை அசைக்காதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறும், அறுவை சிகிச்சைக்கும் சிக்கல் என்றேன். "அடிபட்டவர் முழிக்கிறதுக்குள்ள நாலு பேர் சோடாவோட நிப்பீங்களே" என்று கிண்டலும் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும், கம்பம்மெட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்.

தேநீர் இடைவேளையில் அருகே வந்தார்.

"சிஸ்டர், மெட்டுல வண்டி கவுந்து எங்க மச்சானுக்குத் தொடையில வெட்டு. மடியில போட்டிருந்தேன். தண்ணி கேட்டாக, குடுத்தேன். ஆசுபத்திரி போறதுக்குள்ள போயிட்டாக. அண்ணன் தாகத்தோட போகலயேன்னுதான் எங்க வீட்டுல மனச ஆத்திக்கிறா. இனி அவகிட்ட என்னன்னு சொல்ல?"

என் கிண்டலை நினைத்து வெட்கமாக இருந்தது. குடித்தபோது புரையேறியதா என்று கேட்டேன். இல்லை, கடைசிவரை பேசிக்கொண்டுதான் இருந்தாராம்.

"அப்ப தண்ணியால போகலண்ணே. ரத்தம் போனதாலதான். வீட்டுல அவங்க நினைக்கிறபடியே நினைக்கட்டும். இனிமே யாராவது கேட்டா, ஈரத்துணியால உதட்ட மட்டும் நனைங்க."

தலையாட்டினார். அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அடுத்துக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்கவில்லை. மேசையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு, "இங்கன எப்படி அமுக்கணும்னு இன்னொருக்கா காட்டுங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற ஓட்டுநர் நண்பரின் தொடையில் அமுக்கினார். போதும் என்று இரண்டு முறை சொன்னேன். கையை எடுக்கவில்லை.

இப்படி வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு: தேனிக்குத் திரும்பப் பேருந்துகள் நிறைய உண்டு, அவசரப்படாதீர்கள். கேள்விகளுக்கென்று ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். நாம் சொல்லித்தருவது நமக்குப் பாடம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது அது வீட்டில் விழுந்த சாவு.