திரும்பி வந்த நீலம்

1. மோதிரத்தை அறுத்த அன்று

ராமநாதபுரத்தில் ஒரு ராசிக்கல் கடையில் கல் பதிப்பதுதான் ஆயுசு முழுக்க என் வேலை. பதித்த மோதிரங்களுக்குக் கணக்கில்லை. அறுத்தவை கொஞ்சம்தான். அதில் ஒன்றை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வாலிநோக்கத்தில் பெரிய உப்பளம் வைத்திருந்த முத்திருளப்பன், மனைவி பூமயிலோடு காரில் வந்து இறங்கினார். கைகால் எல்லாம் வீங்கி, நீலக்கல் மோதிரம் விரலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"அண்ணே, மொதல்ல அந்தச் சனியன வெட்டி எடுங்க. அது வீட்டுக்குள்ள வந்ததுலருந்து அவுகளுக்கு ஒரு நாள் சொகமில்ல" என்றார் பூமயில்.

2. சோதனை பார்க்காத கல்

நீலத்தை வாங்கியவுடன் பதிக்க மாட்டோம். துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கச் சொல்வோம். கெட்டது எதுவும் நடக்காவிட்டால்தான் மோதிரம். இந்தக் கல் ஏற்கெனவே இரண்டு பேரிடமிருந்து திரும்பி வந்தது. ஒருவருக்கு விசைப்படகு மூழ்கியது. இன்னொருவரின் மகன் பைக்கிலிருந்து விழுந்தான். திரும்பி வரும் கல் சும்மா வராது, கதையோடுதான் வரும்.

முத்திருளப்பன் அதை வாங்க வந்த அன்றே, கடை முதலாளி பாய் எதையும் மறைக்காமல் சொன்னார். முத்திருளப்பன் சிரித்தார்.

"சோதனையெல்லாம் இல்லாதவனுக்கு, பாய். சனி என்ன எனக்குப் பங்காளியா? ஏலே ஆசாரி, இப்பயே பதி."

பணத்திமிர்தான். ஆனாலும் பார்க்க நன்றாக இருந்தது. கல் தோலில் படும்படி அடி திறந்து வெள்ளியில் பதித்துக் கொடுத்தேன்.

3. காலில் சுற்றிய துணி

அறுக்கும்போது குனிந்தவன் அவர் காலைப் பார்த்தேன். துணி சுற்றியிருந்தது. உப்புப் பாளம் கிழித்ததாம். சுகரில் கால் மரத்துப் போனதால் அவருக்குத் தெரியவே இல்லையாம். துணியை மீறி நாற்றம் அடித்தது. மோதிரத்தை அறுத்து எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அய்யா, கல்லு கெடக்கட்டும். இப்பிடியே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். பாயும் கெஞ்சினார்.

முத்திருளப்பன் மனைவியைப் பார்த்தார். போகலாமா என்று கேட்கிற பார்வை அது.

"அங்கன போனா காலை எடுத்துருவாங்கெ. நான் விடமாட்டேன்" என்றார் பூமயில். "அதான் கல்லக் கழட்டியாச்சுல்ல? இனி புண்ணு தானா ஆறிரும்."

சிரித்துப் பதிக்கச் சொன்ன மனிதர், கல்லை எங்களிடமே விட்டுவிட்டு, மனைவி சொன்ன பேச்சைக் கேட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

காய்ச்சல் கண்டபிறகு மதுரைக்குத்தான் கொண்டுபோனார்கள். காலை எடுத்தும் ஆள் பிழைக்கவில்லை.

4. துட்டி வீட்டில்

பாயும் நானும் இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனோம். பந்தலில் எல்லோரும் கல் காவு வாங்கிவிட்டது என்றே பேசினார்கள். கல் இல்லையடா, புண் என்று கத்தவேண்டும் போல் ஆத்திரம் வந்தது. சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன்.

அதற்குள் பூமயில் என் முன்னால் வந்து நின்றார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணே, நீங்கதான் அன்னைக்கிக் கடையில இருந்தீக. உண்மையச் சொல்லுங்க. அந்தக் கல்லுதான அவுகளக் கொண்டுபோச்சு? நான் மதுரைக்கு விடாததால இல்லயில்ல?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்லுதாம்மா" என்றேன்.

அந்த நீலம் இன்னும் கடைப் பெட்டியில் கிடக்கிறது. கேட்கிறவர்களுக்கு இப்போது மூன்றாவது கதையும் சொல்கிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எந்தக் கல்லுக்கும் சாபம் கிடையாது. கல்லை வாங்க வருகிறவரிடம் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். துட்டி வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.