ஒன்பதாவது அடையாளம்

அந்த எஞ்சின் நாசிலின் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்தது. பென்சில் கோடுகள் மங்கிவிட்டன. ஓரத்தில் மையால் எழுதிய ஒன்பது குறிப்புகளும் அவற்றுக்கு நேரே போட்ட ஒன்பது சரிக் குறிகளும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன.

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற வழியில் எங்கள் தோட்டம். வீடும் அதற்குள்ளேயே. இரண்டு ஏக்கர் மிளகாய் போட்டிருந்தோம். கிணற்றுக்குக் கரண்டு இல்லை. டீசல் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. அந்த வருஷம் மாசி பிறந்ததும் அது கரும்புகை கக்க ஆரம்பித்தது. ஹேண்டிலை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிடிக்காது. ஒரு நாள் காலையில் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஹேண்டில் அப்பாவின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அவர் முகத்தில் அடித்தது.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமென்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வேலை எதுவும் செய்யாமல் படுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் போய்க் காட்ட வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒத்தாசைக்கு வந்து எங்களுடன் தங்கினார். மாமா வந்தாலே வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மாமா எஞ்சினை ஓட்டினார். அப்பா கட்டிலில் கிடந்தபடியே சத்தத்தைக் கேட்டார். இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்.

"நாசில் ஒழுகுது மாப்ளே. வேற மாட்டணும்."

டீசலைப் பன்னீர் தெளிப்பதுபோல் சிலிண்டருக்குள் தெளிப்பது நாசிலின் வேலை. தேய்ந்துபோனால் தெளிக்காது, சொட்டும். சொட்டிய டீசல் சரியாக எரியாமல் புகையாகப் போகும். மிளகாய் அப்போது பூவும் பிஞ்சுமாக நின்றது. தண்ணீர் இல்லாமல் இன்னும் ஐந்து நாள் தாங்கும் என்றார் அப்பா.

எஞ்சின் சாமான் வாங்கப் போகிறவர்கள் பழைய சாமானை சாம்பிளுக்குக் கையோடு கொண்டுபோவார்கள். கடைக்காரர் அதைப் பார்த்து அதே போன்ற ஒன்றை எடுத்து வைப்பார். அப்பாவாக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். இந்த முறை அது முடியாது. என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, மாமா கொண்டு போறதுக்கு முன்னால அதை நோட்டுல அப்படியே வரைஞ்சு வையி. புதுசு வந்ததும் படத்தோட ஒத்துப் பாரு. இம்மி மாறியிருந்தாலும் எங்கிட்ட சொல்லணும்."

வரைந்தேன். நீளம், என் சுண்டுவிரலில் ஒரு நகம் குறைவு. நுனியில் துளைகள் நான்கு. பொறித்திருந்த எழுத்துகளையும் எண்ணையும் அப்படியே எடுத்து எழுதினேன். ஒன்பதாவதாக, கழுத்துக்குக் கீழே ஒரு கீறல், நெல்மணி நீளம். போன வருஷம் அப்பா கழற்றும்போது குறடு வழுக்கியதால் ஏற்பட்டது.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"போலீஸ்ல ரேகை எடுக்க மாதிரில்லா எடுக்கா! அத்தான், பேசாம இவளை எஞ்சினுக்கே கட்டிக் குடுத்துருவோம்."

கட்டுக்குக் கீழே அப்பாவின் வாய் சிரித்தது. அடிபட்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"கடைக்காரன் எதையாவது மாத்தித் தள்ளிரப் போறான் மாப்ளே."

"எங் கண்ணு உங்க கண்ணு அத்தான். கவலைப்படாம இருங்க."

காலை எட்டேகால் பஸ்ஸுக்குப் போனவர் மத்தியானம் இரண்டரைக்கு வந்தார். கையில் அம்மாவுக்கு ஐந்து முழம் பிச்சிப்பூ, எல்லாருக்கும் மட்டன் பிரியாணிப் பொட்டலம், ஒரு சின்ன அட்டைப்பெட்டி. வீடு முழுக்க மசாலா மணத்தது.

"பழசை எங்க?" என்று அப்பா கேட்டார்.

"கடையிலயே போட்டுட்டேன் அத்தான். அந்தத் துருவை வச்சு என்ன செய்ய?"

நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நாசில் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தேன். அம்மா இலையில் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தாள். மாமா அவளிடம் கடைத்தெருக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒம்பதும் சரிப்பா," என்றேன். "இம்மி மாறல. அந்தக் கீறல்கூட அப்படியே இருக்கு."

மாமாவின் கதை பாதியில் நின்றது. அம்மாவின் கை இலைக்கு மேலேயே நின்றது.

அப்பா கையை நீட்டினார். நாசிலை உள்ளங்கையில் வைத்தேன். பெருவிரலால் மெதுவாக உருட்டினார். கழுத்துக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. முன்னும் பின்னும் இரண்டு தடவை போனது. மறுபடியும் அங்கேயே நின்றது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"சரியாத்தான் பாத்திருக்க மக்கா," என்றார்.

பிறகு மாமா நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார். மாமா அங்கே இல்லை; ஓரடி தள்ளி நின்றார்.

"மாப்ளே, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட வருவீருல்லா?"

"வாரேன் அத்தான்."

"அப்பம் சரி. இதைக் கொண்டு போயி மாட்டும்."

மாமா மாட்டினார். எஞ்சின் அன்று இரண்டு மணி நேரம் ஓடியது, கரும்புகையோடு. மூன்றாம் நாள் நின்றது. யார் சுற்றியும் பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் மிளகாய் இலைகள் சுருண்டன. பங்குனி பாதியில் ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மேய்த்துக்கொள்ளச் சொன்னோம். அடுத்த வருஷம் தோட்டம் குத்தகைக்குப் போய்விட்டது. புது நாசிலுக்குக் கொடுத்த பணம் எங்கே போனதென்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆகவே எனக்கும் தெரியாது.

மாமா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் முழங்கையைப் பிடித்து, "படி அத்தான், இன்னொரு படி," என்று சொல்லிக் கூட்டிப்போவார். ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணுக்குப் பார்வை வந்தது, பாதி. அதற்குப் பிறகும் மாமாதான் கூட்டிப்போனார்.

வந்த சாமான் சாம்பிளோடு ஒத்திருப்பதுதான் சரி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒத்திருந்தது. அன்று இரவு அந்தப் பக்கத்தின் அடியில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'புது நாசில் வந்தது. அப்பா சந்தோஷம். எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். அம்மா மட்டும் சாப்பிடவில்லை. காரணம்: பசி இல்லை.'