இடுப்பு முப்பத்தெட்டு, நாட்டுப்பற்று

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆழ்வார்பேட்டையில், என் டெய்லர் கடையில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். மார்பைச் சுற்றி டேப். அந்த நேரம் பார்த்து டெய்லர் பாய் கேட்டார்:

"சார், மிலிட்டரில ஆபீசர் ஆவணும்னு ஒருத்தங்க இன்னாத்துக்கு ஆசைப்படுவாங்க?"

கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

விஷயம் இதுதான். பாயின் மகள் நஸ்ரின் ராணுவ அதிகாரிக்கான எழுத்துத் தேர்வில் பாஸ். அடுத்து வெளியூரில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. "இத்த வுட்டா வயசு தாண்டிடும் சார். ஏன் வந்தேன்னு கேப்பாங்களாம். வாயத் தொறக்காத பொண்ணு... மிரண்டுடும்."

ஆகவே பாய், அளவு கொடுக்க வருகிறவர்களையெல்லாம் டேப்பால் கட்டி விசாரித்துக்கொண்டிருந்தார். பதில்கள் அளவு நோட்டிலேயே ஏறின. எட்டிப் பார்த்தேன். "இடுப்பு 38, நாட்டுப்பற்று." "தோள் 17, ஒழுக்கம்." "கழுத்து 16, மிலிட்டரி கேன்டீன்ல மிக்ஸி சல்லிசு."

நான் என்ன சொன்னேன்? நெஞ்சை நிமிர்த்தி, "தியாகம்" என்றேன்.

"நிமிராதீங்க சார், அளவு தப்பாப்பூடும்!"

மூலையில் நஸ்ரின் பேசாமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று சட்டை வாங்கப் போனேன். பாய் தலையில் கை வைத்திருந்தார். ஐயோ, போச்சா?

"செலக்ட் ஆயிட்டா சார்! ஆனா நோட்டுல கீறதுல ஒண்ணுகூட சொல்லலியாம்!"

நான் நஸ்ரினைப் பார்த்தேன்.

"ஏன் வந்தேன்னு கேட்டாங்க அங்கிள். 'எங்க அத்தா ஊர்ல எல்லாரையும் இதக் கேட்டுட்டார் சார், என்னைத் தவிர. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க'ன்னேன். சிரிச்சிட்டாங்க. அப்புறம் நிஜத்தைச் சொல்லிட்டேன்."

"என்னம்மா நிஜம்?"

"முப்பது பேர நிக்கவெச்சு நான் 'திரும்பு'ன்னா திரும்பணும். ரொம்ப நாள் ஆசை. தப்பான பக்கம் திருப்பிட்டா பழி என் மேல வரட்டும், வாங்கிக்கறேன்."

பாய் என் பக்கம் திரும்பினார். "வீட்ல பேசவே பேசாது சார் இந்தப் பொண்ணு!"

"நீங்க எங்க பேச விட்டீங்க, அத்தா?"

எனக்கும் சுருக்கென்றது. அவள் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, 'தியாகம்' என்று அளந்துவிட்டவன் நான்தானே! தலைமைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் நாமே பெரிய பெரிய காரணமாகத் தைத்து மாட்டிவிடுகிறோம். ஆசையும் என்னுது, பழியும் என்னுது என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? சொல்கிறவள் பின்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன்.

"அத்தா, அங்கிள் நின்னுட்டே இருக்கார். ஸ்டூல் போடுங்க."

பாய் போட்டார். மறுபேச்சே இல்லை!