அதிகாரியைக் கேள்வி கேட்ட அக்கா

“…அதோட நிறுத்தியிருக்கலாம் தம்பி. ‘சுவெட்டர் இல்லாம எதுக்கு மலையேறி வந்தீங்க துவான்’னு நானே அவரக் கேள்வி கேட்டுட்டேன். போச்சு லா, எல்லாம் போச்சு.”

மலாய் நாட்டுத் தேயிலை மலை ஊரான தானா ராத்தாவில், அரசாங்க அலுவலகத்துத் தாழ்வாரத்தில் அக்கா சொன்னது இது. மலாய்ப் பேச்சுத் தேர்வு அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் அக்கா அடுத்த வீடு, தேயிலைக் கொழுந்து பறிப்பவர். நான் தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார்.

பிறந்த ஊரிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர் என்பதால் அவரிடம் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. வேலை பெர்மிட்டை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கூடப் பறித்த சிலர் பெர்மிட் கிடைக்காமல் ஊருக்கே கப்பலேறிப் போயிருந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் குடிமக்களின் நீல அட்டை. தன்னை மட்டும் அனுப்பிவிட்டால் அங்கே இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? குடியுரிமை வேண்டுமென்றால் மலாயில் பேசிக் காட்டியாக வேண்டும்.

முந்தைய வருஷம் தவறிவிட்டார். மலாய் வராமல் அல்ல. பிரிஞ்சாங் சந்தையில் மீன்காரரிடம் அவர் பேரம் பேசினால் பக்கத்துக் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஆனால் அதிகாரியின் முன்னால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துத் துரைக்கு எதிரே நிற்பதுபோல் நின்றுவிட்டார். கேட்டதற்கெல்லாம் “யா, துவான்”, அதாவது ‘ஆமாங்க ஐயா’ மட்டும். வீடு எங்கே என்றதற்கும் அதே “யா, துவான்.” மலையில் பேசாமல் பறிக்கும் பெண்களிடம் “வாய என்ன வாடகைக்கு விட்டுட்டியா?” என்று கேட்பது அக்காவின் வழக்கம். அன்று லயமே அதை அவரிடம் திருப்பிக் கேட்டது.

அப்புறம்தான் சாயங்காலங்களில் நான் அதிகாரியாக உட்கார்ந்து அவரைப் பழக்கினேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். துரையிடம் எதிர்க்கேள்வி கேட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள், அந்தப் பயம். அதனால்தான் தாழ்வாரத்தில் ‘எல்லாம் போச்சு’ என்று புலம்பினார்.

உள்ளே நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். அதிகாரி கடற்கரைப் பக்கத்து ஆள், மலைக்குப் புதுசு. குளிரில் விரல் விறைத்துப் பேனா இரண்டு தரம் கீழே விழுந்ததாம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டார். எங்கே வாங்கலாம் என்று அவர் கேட்க, இவர் பிரிஞ்சாங் சந்தைக்கு வழி சொல்லி, முதல் கடைக்குப் போகாதீர்கள், ஒரு துவைப்பில் சுருங்கிவிடும் என்று எச்சரித்து, அப்படியே கம்போங் ராஜா ஊர்ப்பக்கத்துப் பனியிலிருந்து தன் வீட்டுக்காரரின் இருமல் வரைக்கும் போயிருக்கிறார். எல்லாம் மலாயில்.

“அவரு என்ன செஞ்சாரு?”

“சிரிச்சாரு தம்பி. அதான் பயமா இருக்கு.”

எனக்கு அந்த நிமிஷமே அக்கா தேறிவிட்டார் என்று தோன்றியது. வெளியில் சொல்லத் துணிவில்லை. பேச்சை எப்படி அளப்பது என்று கிடைத்ததையெல்லாம் அப்போதுதான் நானாக வாசிக்கத் தொடங்கியிருந்தேன். வாசித்த எதிலும், தேர்வுக்கு வந்தவர் தேர்வாளரிடம் கேள்வி கேட்பதாக இல்லை. எண்பதுகளில் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு ஆராய்ச்சியே என் பிழைப்பானது. பேசுகிறவரும் ஒரு கேள்வி கேட்க இடம் வேண்டும், அதற்கும் புள்ளி வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினேன். ஒருத்தர் கேட்க ஒருத்தர் ஒப்பிப்பது விசாரணை, அதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது? சக ஆய்வாளர்கள் “உங்க சுவெட்டர் கேள்வி” என்றே கேலி செய்வார்கள். கடைசியில் அதைத் தேர்வில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பெஞ்சில் நாங்கள் இருவரும் முடிவுக்காக உட்கார்ந்திருந்தோம். அக்கா முந்தானை நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். கதவு திறந்தது. அதிகாரி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, வாசலுக்கே வந்துவிட்டார்.

“லுலுஸ், மாக்சிக்.”

‘தேறிட்டீங்க, அத்தை’ என்று அர்த்தம். கடிதம் வீட்டுக்கு வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அழுவார் என்று நினைத்தேன். அக்கா முந்தானையை உதறிச் செருகினார். “பசிக்குது தம்பி” என்று எழுந்தார். எதிர்க் கடையில் எனக்கு இரண்டு ரொட்டி சானாய், தனக்கு இரண்டு என்று சொன்னார். தன்னுடைய இரண்டையும் முடித்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.