கடைசி பஸ்ஸில் போன மரைக்கார் பட்டம்

கல்முனைக்குடியில் பிறத்தியார் காரியத்தை வேடிக்கை பார்ப்பதில் சீனிமுகம்மதுவை மிஞ்ச ஆளில்லை. கடுதாசிச் சீட்டு விளையாட்டோ வேலிச் சண்டையோ, பக்கத்தில் குந்திக்கொண்டு புத்தி சொல்லுவார். தன் வேலிக்குள் மாடு புகுந்தது மட்டும் அவர் கண்ணில் படாது.

அப்படிப்பட்டவருக்கு எண்பத்திரண்டாம் ஆண்டு ஓர் ஆசை பிடித்தது. பள்ளிவாசலில் அவருடைய குடிக்காக, அதாவது தாய்வழிச் சொந்தக் கூட்டத்துக்காகப் பேசும் மரைக்கார் பதவி காலியாகியிருந்தது. அது தனக்கே வேண்டுமென்று நின்றார். அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சாச்சி மகன், அதாவது சின்னம்மா மகன், ஜவுபரும் நின்றார்.

குறுக்கே வந்தது, வெள்ளைக்காரர் அலையில் சறுக்க வரும் அறுகம்பேக் கடற்கரை. சீனிமுகம்மது மருதமுனைத் தறியில் நெய்த சாரன்களை மூட்டை கட்டி விற்கப்போகும் விடுதியில் வெள்ளைக்காரர் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளே வீரன், கள்ளன், மந்திரக்காரன். கதவைத் திறப்பதா, ஓடுவதா என்று அவரவர் சொல்ல, காரியம் பலித்ததா என்பதைத் தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். விடுதிச் சமையற்காரர் அழகரெத்தினம் தமிழில் சொல்லச் சொல்ல, நம்மவர் மூட்டையை மறந்து வாய் பிளந்திருப்பார்.

ஜவுபர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து குடி கூடியதும் எழும்பினார்.

"காக்கா அறுகம்பேயில சூதாட்டத்துக்குப் பக்கத்தில குந்தியிரிக்காரு. தாயக்கட்டை உருளுதாம்."

"நான் கட்டையத் தொடல்ல. பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன். அது சூதில்ல, அவங்க கதை கதைக்கிற."

"கதைக்கிறதுக்குக் கட்டை எதுக்கு?"

அதை விளக்கத்தான் சீனிமுகம்மது வாய் திறந்தார். ஒரு குகை, உள்ளே இரும்புக் கதவு, கதவுக்குப் பின்னால் ஏதோ மூச்சு விடும் சத்தம். சூதுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தார்கள்.

"கதவத் தொறக்கப்படா," என்றார் பெரியவர் மீராசாஹிபு.

"விளக்கக் கொளுத்திட்டுத் தொறக்கட்டும்," என்றார் இன்னொருவர். அதற்கே இரண்டு கட்சியானது. கடைசியில் ஜவுபரே, "கள்ளன முன்னுக்கு அனுப்பினா என்ன?" என்று கேட்டார். சீனிமுகம்மதுவுக்கு உச்சி குளிர்ந்தது. பதவி மடியில் விழுந்துவிட்டது என்றே நம்பினார்.

"கட்டைய உருட்டினான்," என்று நிறுத்தினார்.

"புறகு?"

"புறகு என்ன, கடைசி பஸ் வந்திட்டு. நான் ஏறிட்டன்."

மீராசாஹிபு சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"ஒரு கதைய முடிக்கத் தெரியாதவன் குடிட வழக்க எப்பிடி முடிப்பான்?"

சூதை மன்னித்திருப்பார்கள். அசறுத் தொழுகை நேரம் வரைக்கும் இருத்தி வைத்து ஏமாற்றியதை மன்னிக்கவில்லை. ஜவுபர் மரைக்காரானார்.

அடுத்த வாரம் சீனிமுகம்மது மூட்டையோடு அறுகம்பேப் பக்கம் போகும் பொத்துவில் பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டில் புது மரைக்கார். தொப்பியைக் கழற்றி மடிக்குள் வைத்திருந்தார்.

"எங்க தம்பி போற?"

ஜவுபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் கட்டையத் தொடமாட்டன் காக்கா. அந்தக் கதவு என்னாச்செண்டு குடிக்குச் சொல்லணுமே."