செவ்விளநீர்க் கடை வாசலில் இலங்கையின் நடு

“மாத்தளையில அப்படி என்னதான் இருக்கு?” என்று என் கணவர் கேட்டார். இந்தப் பயணத்துக்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். எனக்கு நாலு வருடமாக மாத்தளையில் அரச வேலை. அவர் கிளிநொச்சியில் கணித ஆசிரியர். கல்யாணமாகிப் பத்து மாதம். மாதத்தில் இரண்டு வார இறுதிதான் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். அவருடைய இடமாற்ற விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். ‘கோரும் மாவட்டம்’ என்ற கட்டம் இன்னும் வெறுமையாகவே கிடந்தது. அதில் மாத்தளை என்று எழுதவைக்க என் கையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. விடுவேனா!

தினமும் என்னை அலுவலகத்துக்கு ஏற்றிப்போகும் ஃபாசில் நானாவின் ஓட்டோவைப் பேசினேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். கண்டலம குளம் வரை போய்வர ஏறத்தாழ 110 கிலோமீற்றர், ஒன்பதாயிரம் ரூபாய். விஷயத்தையும் சொல்லிவைத்தேன். “சேருக்கு ஊரப் புடிக்கணும், அவ்வளவுதானே மிஸ்? என்கிட்ட விட்டுருங்க” என்றார்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். தம்புள்ளை வீதியில் வரிசையாக வாசனைத் திரவியத் தோட்டங்கள். ஒன்றில் இறங்கினோம், நுழைவு இலவசம். வழிகாட்டி ஏதோ மூலிகைக் களிம்பை என் கணவரின் காலில் பூசினார், பத்து நிமிடத்தில் துடைத்தார். தீப்பெட்டி அளவுக்கு முடி சுத்தமாகப் போய்விட்டது! “இஞ்ச வந்து இருந்தா தலைக்கும் பூசிவிடுவினமோ?” என்று கேட்டார் மனுஷன். ஒரு பக்கற் மிளகு வாங்கிக்கொண்டு தப்பினோம்.

ஒன்பதேகாலுக்கு நாலந்தை கெடிகே. பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே, நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய கற்கோயில். இலங்கையின் நடு இதுதான் என்று சொல்வார்கள். நடு என்றதும் கணித வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சிங்களத்தில் நடுவுக்கு ‘மெத’ என்று சொல்லிக்கொடுத்தேன். தொலைபேசியில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டார். நானா சும்மா இருக்கலாம்தானே? “நீர்த்தேக்கம் கட்டுறப்ப தண்ணிக்குள்ள போயிரும்னு கோயிலக் கல்லுக் கல்லாக் கழட்டி மேல கொண்டாந்து கட்டுனாங்க சேர்” என்றார்.

“அப்ப நடுவும் சேர்ந்து மேல வந்துதோ?”

நானா என்னைப் பார்த்தார். நான் நீர்த்தேக்கத்தைப் பார்த்தேன். உண்மையான நடுவைக் காணாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று என் கணவர் அறிவித்துவிட்டார். ஊரைப் பிடிக்கவைக்க வந்த நான், நடுவைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

பதினொன்றே முக்காலுக்குக் கண்டலம. அணைக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் மலை, முன்னால் தண்ணீர், முகத்தில் அடிக்கும் காற்று. ஓரமாக ஒரு செவ்விளநீர்க் கடை. வாசலில் வாயைப் பிளந்தபடி ஒரு சீமெந்து முதலை. உள்ளே உட்கார்ந்து படம் எடுக்கலாம், காசு இல்லை. ஓட்டோ நின்றதும் இவர் குதித்து இறங்கினார். கடைக்கார அம்மா வெளியே வந்து, தரையில் இழுத்திருந்த இரண்டு வெள்ளைக் கோடுகளைக் காட்டி, “மெதன, மெதன!” என்று கூப்பிட்டார்.

அவ்வளவுதான். இவர் ஓடிப்போய்க் கோடுகளுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றார். “பார்த்தீரே! மெத! இவவுக்குத் தெரிஞ்சிருக்கு! படம் எடும், கெதியா!”

பின்னால் நானா ஹோர்ன் அடித்தார். “அல்லாவே! சேர், அவங்க ஓட்டோவ அங்க நிப்பாட்டச் சொல்றாங்க. ‘மெதன’ன்னா ‘இங்க’!”

நாலு பேர் முன்னால் பிழை விட்டால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் ஆள் இவர். போச்சு, என் சனிக்கிழமை போச்சு! ஆனால் நானா விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்து, ஒரு செவ்விளநீரை வெட்டி இவர் நின்ற இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தவருக்குச் சிரிப்பு வந்து மூக்கால் தண்ணீர் வந்தது. இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நாங்கள் மூவரும் முதலை வாய்க்குள் உட்கார்ந்து படம் எடுத்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன் கெடிகேயைப் பாருங்கள், பிறகு கல் சுடும். தோட்டங்களில் காலை நீட்டுமுன் யோசியுங்கள். கண்டலமவில் செவ்விளநீர் நூற்றைம்பது ரூபாய். நாலு சிங்களச் சொல் படித்துக்கொண்டு போங்கள். அரைகுறையாகப் படித்தால் இன்னும் நல்லது.

ஆறு மணிக்கு மாத்தளை வந்தோம். வழியெல்லாம் நான் இடமாற்றம் பற்றி வாயே திறக்கவில்லை. என் வாடகை வீட்டுச் சந்தி வந்ததும், தெரியாதவர் போல நானா திரும்பி, “சேர், எங்க நிப்பாட்டணும்?” என்று கேட்டார்.

இவர் என் வீட்டுக் கேற்றைக் காட்டினார்.

“மெதன” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் படிவத்தையும் ஒரு பேனையையும் எடும்.”