சாணி வைக்காமல் எறிந்த பல்

எனக்கு ஒரு பல் முளைக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள் நான். கைக்குழந்தையிலேயே வேலூரில் தைத்துவிட்டார்கள். எட்டு வயதில், தழும்புக்கு நேர் கீழே இருந்த பால்பல் விழுந்தது. அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று காலை பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பல்லை என் கையில் கொடுத்து, "சாணியில உருட்டி எதிர் ஷெட்டு மேல போட்ருடி. வானம் பாத்துட்டா முளைக்காது" என்றாள். தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தைச் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்த எனக்கு, சாணி மட்டும் அருவருப்பு. வெறும் பல்லையே வீசினேன். தகரத்தில் டங்கென்று விழுந்தது. வானம் நன்றாகவே பார்த்திருக்கும்.

வகுப்பில் எல்லோருக்கும் முளைத்தது. எனக்கு அந்த இடம் மட்டும் மொழுக்கென்று இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு ஈறே குறுகுறுத்தது. பாடம் நடக்கும்போதும் நாக்கால் துழாவிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமாக என் வாயைத் திறந்து பார்ப்பாள். "இன்னாடி, இன்னும் காணோம்?" என்பாள். வாயை அவளே பிடித்திருந்ததால் நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கடைசியில் வேலூருக்கே கூட்டிப்போனாள். எக்ஸ்ரேயைக் காட்டி, அங்கே பல்லுக்கான முளையே உண்டாகவில்லை என்றார் டாக்டரம்மா. உதடு பிளந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு இப்படி இருப்பதுண்டு, வளர்ந்தபின் பல் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. "நான்தான் சாணி வைக்காம போட்டுட்டேன்" என்று உளறிவிட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே ஆனது இது."

அப்பாடா என்றிருந்தது. நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினேன். அம்மாவின் முகம்தான் வெளுத்துப்போயிருந்தது.

"முன்னாடின்னா... வயித்துல இருக்கும்போதா மேடம்?" என்றாள். "மாசமா இருக்கும்போது ஒரு நாள் கிரகணம். எதையாச்சும் வெட்டினா புள்ளைக்கு உதடு பிளக்கும், லீவு போடுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் கேக்கல. கத்தியப் புடிச்சி தோலு வெட்டிக்கினு இருந்தேன்."

கிரகணத்தாலும் இல்லை, கத்தியாலும் இல்லை, யார்மீதும் தப்பில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அழுதாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பல் இல்லாத நானே சந்தோஷமாக இருக்கும்போது இவள் எதற்கு அழுகிறாள் என்று, கையைப் பிடித்து இழுத்து ஜூஸ் கேட்டேன். அத்தனை வருஷமாக என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.